மலையில் சிறு தொழில்: தனியாகவா, கூட்டாகவா? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. மே மாத சீசன் முடிந்து மழை பிடித்ததும் ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். கையில் கொஞ்சம் காசு பார்த்திருப்பார்கள். "அண்ணா, கடையை முறைப்படி ரெஜிஸ்டர் பண்ணிடலாம்னு இருக்கேன், எவ்வளவு ஆகும்?" என்பார்கள். தொகையைச் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: "தொழில் படுத்துவிட்டால் கடன்காரர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்?" இதற்கு யோசித்துப் பதில் சொல்லிவிட்டால் தனியாகவா கூட்டாகவா என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கான பதில்கள் கீழே.

தனியாகக் கடை நடத்துகிறேன். அதை எந்த அலுவலகத்தில் பதிவு செய்வது?

தனிநபர் நிறுவனத்தைப் பதிவு செய்ய என்று தனியாக ஒரு சட்டமோ அலுவலகமோ நம் நாட்டில் இல்லை. சட்டத்தின் கண்ணில் நீங்களும் உங்கள் கடையும் ஒன்றுதான். உங்கள் பான் அட்டைதான் கடைக்கும் பான். கடை வாங்கிய கடன் நீங்கள் வாங்கிய கடன்; அதற்கு உங்கள் வீடும் நகையும் பொறுப்பு.

"பதிவு" என்று நாம் சொல்வதெல்லாம் சில சான்றிதழ்களின் கூட்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் சான்றிதழ், உள்ளாட்சியின் தொழில் உரிமம், உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு, தேவைப்பட்டால் ஜிஎஸ்டி. இவற்றில் எது உங்களுக்கு வேண்டும் என்பதை உங்கள் தொழில்தான் சொல்லும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது மொத்தமாகப் பணம் கேட்டால், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் பாதிக்கு அரசுக் கட்டணமே இருக்காது.

உத்யம் பதிவுக்கு எவ்வளவு கட்டணம்?

ஒரு ரூபாய்கூடக் கிடையாது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவுக்கு ஆதார், பான், ஆதாரோடு இணைந்த செல்போன் ஆகியவை போதும். எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. நீங்கள் சொல்வதையே ஏற்றுக்கொள்கிறார்கள், அதனால் உண்மையைச் சொல்லுங்கள். அரசு இணையதளம் போலவே தோற்றம் காட்டி, கடைசியில் பணம் கட்டச் சொல்லும் தளங்கள் நிறைய. முகவரியின் கடைசியில் அரசுத் தளத்துக்கு உரிய "கவ் டாட் இன்" இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

ஒரு நிறுவனத்துக்கு ஓர் உத்யம்தான். சாக்லேட் கடையும் நடத்துகிறீர்கள், வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கும் விடுகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே பதிவில் சேர்க்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் முதலீடு இரண்டரைக் கோடி, ஆண்டு விற்பனை 10 கோடி ரூபாய் வரை குறுந்தொழில் என்று வரம்பை உயர்த்தியிருக்கிறார்கள். நம் மலையில் இருக்கும் கடைகளில் ஏறக்குறைய எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

வங்கியில் கடைப் பெயரில் நடப்புக் கணக்கு கேட்டால் திருப்பி அனுப்புகிறார்களே?

பொதுவாக ஒரே ஒரு சான்றிதழோடு போயிருப்பீர்கள். தனிநபர் நிறுவனத்துக்குக் கணக்கு தொடங்க, கடைப் பெயர் உள்ள இரண்டு ஆவணங்களை வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி சான்றிதழ், உள்ளாட்சி உரிமம், கடைப் பெயரில் வரும் மின் கட்டண ரசீது, வருமான வரிக் கணக்கு போன்றவற்றில் ஏதாவது இரண்டு. இரண்டு கொடுக்க வழியே இல்லை என்று வங்கிக்குப் பட்டால், ஒன்றை வாங்கிக்கொண்டு கடைக்கு நேரில் வந்து பார்த்து உறுதி செய்துகொள்ள அதே விதியில் இடம் இருக்கிறது. இதை மேலாளரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பல நேரம் வேலை நடக்கும்.

எல்லா ஆவணத்திலும் கடைப் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் "ஹில் வியூ டீ ஸ்டோர்", இன்னொன்றில் "ஹில்வியூ டீ ஸ்டோர்ஸ்" என்று இருந்ததால் ஒரு மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமா?

கட்டாயம் இல்லை. 1932 ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 69 ஆம் பிரிவைப் படித்துவிட்டு யாரும் பதிவு செய்யாமல் இருக்க மாட்டார்கள்.

பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. வெளியாள் உங்கள் மீது போடலாம்! கோயம்புத்தூரில் ஒரு கடைக்கு மூன்று லட்சத்துக்குத் தைலம் கடனாக அனுப்பி அவர் கையை விரித்துவிட்டால், பதிவு இல்லாத நிறுவனத்துக்கு நீதிமன்றக் கதவு திறக்காது. பங்குதாரர் ஒருவர் இன்னொருவர் மீது ஒப்பந்தப்படி உரிமை கேட்கவும் முடியாது. கூட்டைக் கலைக்கச் சொல்லியும் கலைந்த பின் கணக்குக் கேட்டும் வழக்குப் போகலாம், அவ்வளவுதான்.

வழக்குப் போடுவதற்கு முன் பதிவு செய்துகொண்டால் போதும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் சாதாரணக் கடன் பாக்கிக்கு மூன்று ஆண்டுதான் காலவரம்பு. பதிவுக்கு அலைந்து முடிப்பதற்குள் அது ஓடிப்போகலாம். போதாததற்கு, நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கப் போனால் பதிவுச் சான்றிதழைக் கேட்பார்கள். ஆக, முதலிலேயே செய்துவிடுங்கள்.

எங்களுக்குள் நம்பிக்கை இருக்கிறது. டீட் எல்லாம் எழுதத்தான் வேண்டுமா? எழுதினால் என்னென்ன எழுதுவது?

டீட் என்று எல்லோரும் சொல்லும் கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன். நம்பிக்கை இருக்கும்போதுதான் அதை எழுத முடியும். போன பிறகு யார் எழுதுவார்கள்?

கேத்தி பாலாடா பக்கம் இரண்டு நண்பர்கள். கேரட் வாங்கிக் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றுவார்கள். ஒருவர் பணம் போட்டார். இன்னொருவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வண்டி ஓட்டினார். பிக்கப் வண்டி பணம் போட்டவர் பெயரில் இருந்தது. அதன் மாதத் தவணை தொழில் வரவிலிருந்து போனது. நான்காம் ஆண்டு பிரிந்துவிடலாம் என்று என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை, இருவரும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தார்கள். வண்டி யாருக்கு என்ற ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. டீட் இருந்தது. வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். யாரோ வைத்திருந்த பழைய மாதிரியில் பெயர்களை மட்டும் மாற்றி அடித்திருந்தார்கள். தொழிலின் தன்மை என்ற இடத்தில் "ஜவுளி வியாபாரம்" என்றே இருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், இருவருமே படித்துப் பார்க்கவில்லை. ஏனென்றால் அது ஆங்கிலத்தில் இருந்தது.

அன்றிலிருந்து என்னிடம் வருகிறவர்களிடம் சொல்வது இதுதான்: டீட்டைத் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதிய பத்திரமும் முழுக்கச் செல்லும். முத்திரைத்தாளில் அடிப்பதற்கு முன் வெள்ளைத்தாளில் நீங்களே எழுதி, ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர் கேளுங்கள். எங்கே குரல் தயங்குகிறதோ அங்கேதான் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

யார் எவ்வளவு போடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வராதவற்றைச் சொல்கிறேன். வண்டி, கிரைண்டர், ஃப்ரீசர், கடை அட்வான்ஸ் இவையெல்லாம் நிறுவனத்தின் சொத்தா, ஒருவர் பயன்படுத்தக் கொடுத்த சொந்தப் பொருளா? லாபம் எந்த விகிதம்? எழுதாவிட்டால் போட்ட முதல் எவ்வளவாக இருந்தாலும் சரிபாதி என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். தினமும் கடையில் நிற்பவருக்குச் சம்பளம் உண்டா? எழுதாவிட்டால் கிடையாது. காசோலையில் ஒருவர் கையெழுத்துப் போதுமா, இருவரும் போட வேண்டுமா? யாரைக் கேட்காமல் எவ்வளவு வரை கடன் வாங்கலாம்? கூட்டாளி வாங்கிய தொழில் கடன் முழுவதற்கும் நீங்களும் பொறுப்பு. உங்கள் பங்கு கால் பாகம்தான் என்றாலும் கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம்.

மலைக்கென்று சில உண்டு. சீசன் இல்லாத மாதங்களில் வாடகை யார் கையிலிருந்து? நிலச்சரிவில் ரோடு அடைத்து ஒரு வாரம் கடை மூடினால் அந்த நஷ்டம் எந்தக் கணக்கில்? சாக்லேட், வர்க்கி செய்கிறவர்கள் என்றால் செய்முறை யாருடையது, பிரிந்து போகிறவர் அதே பக்குவத்தில் அடுத்த தெருவில் கடை போடலாமா என்பதையும் எழுதுங்கள். ஆர்டர் வரும் வாட்ஸ்அப் எண் யார் பெயரில் இருக்கிறது? இன்றைக்கு ஒரு சின்னக் கடையின் பெரிய சொத்தே அந்த எண்ணும் அதிலிருக்கும் வாடிக்கையாளர்களும்தான். அது ஒரு கூட்டாளியின் சொந்த சிம் கார்டில் இருந்தால், அவர் போகும் நாளில் கடையும் பாதி போய்விடும்.

கடைசியாக, விலகுகிறவரின் பங்குக்கு எப்படி விலை போடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது. இதைச் சந்தோஷமாக இருக்கும்போதே எழுதி முடித்துவிடுங்கள்.

பதிவு எங்கே? எப்படி?

நீலகிரிக்கு உதகையில் உள்ள மாவட்டப் பதிவாளர் அலுவலகம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் கூட்டு நிறுவனங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, அதில் விண்ணப்பத்தை நிரப்பலாம். நிறுவனத்தின் பெயர், முக்கிய இடம், வேறு கிளைகள், ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, முழுப்பெயர், நிரந்தர முகவரி, கூட்டு எவ்வளவு காலத்துக்கு என்பவை கேட்கப்படும். எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட வேண்டும். டீட்டின் நகலும் முகவரிச் சான்றும் தயாராக இருக்கட்டும்.

பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊரை மலைகளின் அரசி என்கிறோம், அதனால் "குயின்" என்ற சொல்மீது இங்கே பலருக்கு ஆசை. ஆனால் கூட்டு நிறுவனத்தின் பெயரில் குயின், கிங், ராயல், கிரவுன், எம்பரர், இம்பீரியல் போன்ற சொற்கள் மாநில அரசின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வரக் கூடாது என்று 1932 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அரசின் ஆதரவு இருப்பது போலத் தோன்றும் சொற்களும் கூடாது. போர்டு எழுதிய பிறகு இது தெரிந்து மனம் உடைந்தவர்கள் உண்டு. போர்டு என்றதும் இன்னொன்று: தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும், அதற்கு அடுத்து ஆங்கிலம், பிறகு மற்ற மொழி. ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்பது கணக்கு. மலையாளமும் கன்னடமும் சேர்த்து எழுதும் கூடலூர்க் கடைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

டீட் எழுதி முடித்ததும் நிறுவனத்தின் பெயரில் தனி பான் வாங்க வேண்டும். தனி ஆளின் பான் எண்ணில் நான்காவது எழுத்து "பி", கூட்டு நிறுவனத்துக்கு "எஃப்". பழக்கத்தில் சொந்த பானையே நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா?

விற்பது என்ன, எங்கே என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டினால் கட்டாயம். சேவை செய்பவருக்கு 20 லட்சம். ஹோட்டல், டீக்கடை, அறை வாடகை, டாக்சி எல்லாம் சேவையில் வரும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. வரம்பு கடைக்குக் கடை தனி இல்லை, ஒரு பானுக்கு ஒன்று. தைலக் கடையில் 15 லட்சம், மேல்மாடி அறை வாடகையில் 6 லட்சம் என்றால் இரண்டும் கூடி 21 லட்சம். பொருளோடு சேவையும் இருப்பதால் 40 லட்ச வரம்பு போய் 20 லட்சம் வந்துவிட்டது. அவர் பதிவு செய்தே ஆக வேண்டும்.

கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, பறித்த பச்சைத் தேயிலை இவற்றுக்கு வரி இல்லை. இவற்றை மட்டுமே வாங்கி விற்பவர் கோடிக்கணக்கில் செய்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் தேயிலையைத் தூளாக்கிப் பாக்கெட் போட்டால் வரி வந்துவிடும். கூடவே கேரட்டும் விற்றால் கேரட் விற்பனையும் வரம்புக் கணக்கில் கூடும்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இது முக்கியம். வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த 40 லட்ச வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்து பதிவு வேண்டும். சுல்தான் பத்தேரியும் குண்டல்பேட்டையும் நமக்குப் பக்கத்து ஊர்கள், சட்டத்துக்கு வேறு மாநிலங்கள். ஊட்டியில் கடைக்கு வந்து கையில் வாங்கிப் போகும் பெங்களூர் சுற்றுலாப் பயணி பிரச்சினை இல்லை. அவரே ஊருக்குப் போய் "இன்னும் இரண்டு கிலோ சாக்லேட் கூரியரில் அனுப்புங்கள்" என்று கேட்டு நீங்கள் அனுப்பினால், அது மாநிலம் தாண்டிய விற்பனை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் எல்லோரும் இதை மனதில் வையுங்கள்.

உள்ளூரிலேயே விற்பவர் தொகுப்புத் திட்டத்தில் சேரலாம். கடைக்காரருக்கு விற்பனையில் 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும். இதில் இருப்பவர் பொருளை வெளிமாநிலத்துக்கு அனுப்ப முடியாது, வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கவும் முடியாது.

சாக்லேட், ஜாம், டீத்தூள் பாக்கெட் போடுகிறேன். வேறு என்ன வேண்டும்?

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ உரிமமோ வேண்டும்; சிறிய அளவில் செய்பவருக்குப் பதிவு, பெரிய அளவுக்கு உரிமம். வீட்டு அடுப்படியில் செய்தாலும் இது பொருந்தும். பாக்கெட்டில் அடைத்து விற்றால் எடையளவுச் சட்டப்படி பாக்கெட் போடத் தொடங்கிய 90 நாளுக்குள் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். பாக்கெட் மேல் பெயர், முகவரி, நிகர எடை, விலை, தயாரித்த மாதம் எல்லாம் இருக்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குங்கள்.

தொழில் உரிமம் உங்கள் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ. வெலிங்டன் என்றால் கன்டோன்மென்ட் போர்டு. பத்து பேர் அல்லது அதற்கு மேல் ஆள் வைத்திருந்தால் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி தொழிலாளர் துறையிலும் பதிவு செய்ய வேண்டும். பாக்கெட் கவர் மொத்தமாக வாங்குவதற்கு முன் மாவட்டத்தின் பிளாஸ்டிக் தடைப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கி, உத்யமும் ஜிஎஸ்டியும் எடுத்துவிட்டேன். போதும்தானே?

போதாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழில் பதிவு வேறு, கட்டடத்துக்கான அனுமதி வேறு. குடியிருக்க என்று வரைபட அனுமதி வாங்கிய வீட்டை வணிகத்துக்குப் பயன்படுத்தினால், கையில் பத்துச் சான்றிதழ் இருந்தாலும் சீல் வைக்கலாம். மலைப்பகுதிக் கட்டட விதிகள் சமவெளியைவிடக் கடுமையானவை, கட்டட உயரத்துக்கே 7 மீட்டர் என்று கட்டுப்பாடு உண்டு. 2018 இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் சீகூர் யானை வழித்தடத்தில் விடுதிகளுக்குச் சீல் வைத்தது மசினகுடிக்காரர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

ஆகவே முதலில் உள்ளாட்சியில் கட்டட அனுமதியைப் பாருங்கள், அடுத்து சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டே பதிவு, அப்புறம்தான் மற்றவை. கடன் வாங்கி அறைகளைப் புதுப்பிப்பது அதற்கும் பிறகு. வெளிநாட்டு விருந்தினர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் தகவல் கொடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கூடலூரில் இருக்கிறோம். இடத்துக்குப் பட்டா இல்லை. முகவரிச் சான்று எப்படி?

ஜன்மி என்னும் பெருநிலக்காரர்களின் நிலங்களை அரசு எடுத்துக்கொண்ட 1969 ஆம் ஆண்டு ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17 ஆம் பிரிவில் அடங்கிய நிலத்தில் தலைமுறையாக இருந்தும் பட்டா இல்லாதவர்கள் அங்கே ஏராளம். சிலருக்கு மின் இணைப்பும் இல்லை. அவர்கள் தவறு எதுவும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு கவுன்டரிலும் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

உத்யம் பதிவுக்கு முகவரிச் சான்று பதிவேற்ற வேண்டியதில்லை, அதனால் அங்கிருந்து தொடங்குங்கள். ஜிஎஸ்டிக்குப் பட்டாதான் வேண்டும் என்று இல்லை. சொத்து வரி ரசீதோ மின் கட்டண ரசீதோ ஒன்று போதும். உள்ளாட்சியில் வீட்டு வரி கட்டி வருகிறீர்கள் என்றால் அந்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். இரண்டும் இல்லையென்றால், பஜாரில் ஆவணம் உள்ள ஒரு சிறு இடத்தை வாடகைக்கு எடுத்து, வாடகை ஒப்பந்தமும் உரிமையாளரின் வரி ரசீதும் கொடுக்கலாம். உறவினர் இடம் என்றால் வாடகை இல்லாமல் அவருடைய சம்மதக் கடிதமும் அடையாளச் சான்றும் ரசீதும் போதும்.

வருமான வரி எதில் குறைவு?

சின்னத் தொழிலுக்குப் பெரும்பாலும் தனியாக இருப்பதில்தான். 2025–26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள தனிநபருக்கு வரி இல்லை. கூட்டு நிறுவனத்துக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது, லாபத்தின் முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும்.

பயப்பட வேண்டாம், இதற்கு வழி டீட்டிலேயே இருக்கிறது. உழைக்கும் பங்குதாரருக்குச் சம்பளமும், போட்ட முதலுக்கு 12 சதவீதம் வரை வட்டியும் கொடுக்கலாம் என்று டீட்டில் எழுதியிருந்தால் அந்தத் தொகையை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு: முதல் 6 லட்சம் லாபத்துக்கு 3 லட்சம் அல்லது லாபத்தில் 90 சதவீதம், எது அதிகமோ அது, அதற்கு மேல் உள்ள லாபத்தில் 60 சதவீதம். பங்குதாரர் தன் சம்பளத்துக்குத் தன் கணக்கில் வரி பார்த்துக்கொள்வார், லாபப் பங்குக்கு மறுபடி வரி இல்லை. டீட்டில் எழுதாமல் விட்டால் இந்தச் சலுகை கிடையாது.

2025 ஏப்ரல் முதல் வந்த புதிய விதியையும் கவனியுங்கள். பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளமும் வட்டியும் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கு, வரி பிடித்துக் கட்டுபவருக்குத் தரப்படும் டான் எண் தனியாக வேண்டும். கூட்டு நிறுவனம் ஒரு ரூபாய் சம்பாதிக்காத ஆண்டிலும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

மானியக் கடன் வாங்கத் திட்டம். எந்த வடிவம் நல்லது?

டீட் எழுதுவதற்கு முன் கேட்டது நல்லதாகப் போயிற்று. பிஎம்இஜிபி என்னும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கூட்டு நிறுவனத்துக்கு இடம் இல்லை, தனிநபராகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு, பிரிவையும் ஊரையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ள சிறப்புப் பிரிவில் மலைப்பகுதியும் சேர்த்தி. புதுத் தொழிலுக்கு மட்டும்தான் இந்த மானியம். தேயிலைத் தோட்டம் போட வாங்க முடியாது. தேயிலையை மதிப்புக் கூட்டிப் பாக்கெட் போட வாங்கலாம்.

புதிய தொழில்முனைவோருக்கு மாநில அரசு மானியத்தோடு கடன் தரும் நீட்ஸ் திட்டத்தில் கூட்டு நிறுவனமும் விண்ணப்பிக்கலாம். பட்டியல் இன, பழங்குடித் தொழில்முனைவோருக்கான அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு, அதிலும் கூட்டாக வரலாம். மூன்றுக்கும் உதகையில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். நேரில் போங்கள், தரகர் வேண்டாம்.

தனியாக ஆரம்பித்துப் பிறகு தம்பியைச் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் சட்டத்துக்கு அது புது நிறுவனம். புது பான், புது ஜிஎஸ்டி, புது உத்யம், புது வங்கிக் கணக்கு. பழைய ஜிஎஸ்டி கணக்கில் மிச்சம் இருக்கும் வரி வரவைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, அதற்கு முன் பழைய பதிவை ரத்து செய்துவிடாதீர்கள். தம்பிக்குப் 18 வயது ஆகவில்லை என்றால் அவரைப் பங்குதாரர் ஆக்க முடியாது. மற்ற எல்லோரும் சம்மதித்தால் லாபத்தில் பங்கு கொடுக்கலாம்.

பங்குதாரர் இறந்துவிட்டால்?

டீட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கூட்டு அன்றே கலைந்துவிடும். இரண்டே பேர் இருந்த கூட்டு என்றால் எழுதியிருந்தாலும் கலைந்துவிடும், ஒருவரை வைத்துக் கூட்டு ஏது? கணவன் மனைவி, அண்ணன் தம்பி என்று இரண்டு பேராக நடத்துகிறவர்கள் நம்பிக்கையான மூன்றாவது ஒருவரைச் சிறு பங்கோடு சேர்த்துவைப்பதை நான் சொல்வதுண்டு.

கூட்டிலிருந்து விலகிவிட்டேன். பணமும் வாங்கிவிட்டேன். இனி எனக்குப் பொறுப்பு இல்லையே?

ஊருக்குச் சொன்னீர்களா? முன்பு நடந்தவற்றுக்கான பொறுப்பு விலகினாலும் போகாது. அதோடு, பொது அறிவிப்புக் கொடுக்கும் வரை, நீங்கள் இன்னும் பங்குதாரர் என்று நம்பிச் சரக்குக் கொடுத்தவருக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டும். பதிவு செய்த நிறுவனம் என்றால் அறிவிப்பு மூன்று இடத்தில்: பதிவாளரிடம், அரசிதழில், மாவட்டத்தில் புழங்கும் ஒரு தமிழ் நாளிதழில்.

கோத்தகிரியிலிருந்து ஓர் அக்கா இப்படித்தான் வந்தார். பேக்கரியிலிருந்து விலகி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. மைதா மொத்த வியாபாரியின் வழக்கறிஞர் நோட்டீஸ் அவர் பெயருக்கும் வந்திருந்தது. "நான்தான் எழுதி வாங்கிட்டு வந்துட்டேனே தம்பி" என்று மஞ்சள் பைக்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். கூட்டாளிகள் மூவரின் கையெழுத்தும் இருந்தது, தேதியும் இருந்தது. வியாபாரிக்கு அந்தத் தாளைப் பற்றி எதுவும் தெரியாது. அவருடைய புத்தகத்தில் அக்கா இன்னும் பங்குதாரர்தான். வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துப் பதில் நோட்டீஸ் அனுப்பினோம், அதே வாரம் பதிவாளருக்கு விண்ணப்பமும் அரசிதழுக்கும் நாளிதழுக்கும் அறிவிப்பும் கொடுத்தோம். அந்தப் பழைய சரக்குப் பாக்கிக்கு அவர் வழக்கை நடத்தித்தான் ஆக வேண்டும். மூன்று இடத்திலும் அறிவிப்பு முடிந்த நாளுக்குப் பிறகு வாங்கும் சரக்குக்கு அவரிடம் யாரும் கேட்க முடியாது.